தொடை உடைந்தவன் சாகவில்லை

கதையில் தொடை உடைந்தவன் செத்துப்போகிறான். கதை சொல்கிறவர்களுக்கு அது வசதி. அடித்தவன் கதாயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். சபதம் போட்டவள் கூந்தலை முடிந்துகொள்ளலாம். ஊர் தீ மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். உடைந்த தொடையோடு ஒருவன் வருஷக்கணக்கில் உயிரோடு கிடந்தால் அவனுக்கு யார் மலம் அள்ளுவது என்று எந்தக் கூத்திலும் பாட்டுக் கிடையாது. நான் உடைத்த தொடைக்குச் சொந்தக்காரர் சாகவில்லை. அவர் என் அக்காவின் புருஷன்.

மாமா என்றுதான் எழுதப் போகிறேன். அடித்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டேன், வாய்ப் பழக்கம் போகவில்லை.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் இறங்கி ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில் இருந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், அக்கா, கடைசியில் நான். ஊரில் அம்மன் கோயில் ஒன்று உண்டு. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் பதினெட்டு நாள் திருவிழா. மதியத்தில் பந்தலில் பிரசங்கியார் உட்கார்ந்து அம்மனின் கதையைச் சொல்லுவார். சபையில் அவளைக் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். இழுக்கச் சொன்னவனின் தொடை ரத்தத்தைப் பூசிக்கொள்ளாமல் இந்தக் கூந்தலை முடியமாட்டேன் என்று அவள் சபதம் செய்கிறாள். கடைசி நாள் காலையில் படுகளம். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஒரு பஸ் நீளத்துக்கு மண்ணால் ஆளைச் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பானை இருக்கும். வேஷக்காரர் கதாயுதத்தால் அடிப்பார், பானை உடையும், அந்தச் சிவப்பைத் தொட்டுத் தடவி அம்மன் வேஷக்காரருக்குக் கூந்தலை முடிவார்கள். சாயங்காலம் தீமிதி.

இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தப் பதினெட்டு நாளும் எங்கள் ஊர்ப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வரமாட்டார்கள். தலைக்குக் குளித்தால்கூட நுனியில் ஒரு முடிச்சாவது போட்டுக்கொண்டுதான் வெளியே தலை காட்டுவார்கள். அந்த நாட்களில் ஒருத்தி விரித்த தலையோடு நடந்து வந்தால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்.

அக்காவைத் திருவண்ணாமலையில் கொடுத்திருந்தோம். மாமா செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிற தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. நல்ல உயரம், நல்ல குரல். பஸ்ஸில் நாற்பது பேரை ஒரே சத்தத்தில் உள்ளே தள்ளுகிற குரல். கல்யாணமான மூன்றாவது மாதம் முதல் அடி விழுந்தது. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று ஒரு நாள், கம்மி என்று ஒரு நாள். டிக்கெட் பையின் தோல் வாரைக் கழற்றித்தான் அடிப்பார். ஒரு முறை மணிக்கட்டைச் சுவரோடு சேர்த்து அழுத்தியதில் வளையல் உடைந்து கண்ணாடி உள்ளே போய்விட்டது. அதை அக்காவே சேஃப்டி பின் வைத்து எடுத்தாளாம்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல விரும்பவில்லை. நாலு வருஷம் தெரிந்தே இருந்தோம். "கொஞ்சம் அனுசரிச்சிப் போடி" என்பாள் அம்மா. அண்ணனும் நானும் டவுனுக்குப் போனால் மாமா எங்களை ஓட்டலுக்கு அழைத்துப் போய்ப் பூரி வாங்கித் தருவார். அக்காவின் கையிலிருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து அந்தப் பூரியைத் தின்றவன் நான். இன்னொரு செட் சொல்லட்டுமா என்று கேட்டார், சரி என்றேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வைகாசி. அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாகிவிட்டாள். மாமா வீட்டிலிருந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கூந்தலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குழாயடியிலிருந்து வீட்டு வாசல்வரை தரையோடு தரையாக இழுத்துப் போனார். நல்ல பகல். தெருவே நின்று பார்த்தது. உச்சந்தலையில் ஒரு உள்ளங்கை அளவுக்கு முடி தோலோடு பெயர்ந்து அவர் கையில் வந்துவிட்டது. அதை வாசலில் உதறிவிட்டு உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

மறுநாள் அக்கா பஸ் ஏறினாள். அவர் பஸ் எது என்று அவளுக்குத் தெரியும், அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிக் கீழ்பென்னாத்தூரில் இறங்கி வெயிலில் நடந்து ஊருக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்குப் போகிற வழி கோயில் பந்தலை ஒட்டித்தான். திருவிழாவின் பதினைந்தாம் நாள். பிரசங்கியார் யுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அண்ணனும் காப்புக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தோம். இடுப்புவரை முடி விரிந்து தொங்க, செருப்பில்லாமல், அக்கா பந்தலைத் தாண்டிப் போனாள். பிரசங்கியாரின் குரல் நின்றுவிட்டது. முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை எழுந்து கைகூப்பினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை, தலை குனிந்தபடி வீட்டுக்குப் போய்விட்டாள்.

குழாயடியில் இழுத்த சேதி மட்டும் பஸ்காரர்கள் வாயாக எங்களுக்கு வந்தது. "தூங்கணும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா குப்புறப் படுத்தாள். அடுத்த மூன்று நாளும் பின்கட்டில், மாடு கட்டுகிற இடத்தை ஒட்டி, தலையை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை எல்லாம் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். துக்கம் விசாரிக்க வருகிறார்கள் என்று தான் நினைத்ததாக அக்கா பிறகு சொன்னாள்.

டீக்கடையில் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னாப்பா, உன் தங்கச்சி சபதம் போட்டுட்டா போலருக்கே."

"அவ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலியே."

"வாயால வேற சொல்லணுமா? படுகளத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்கடா. ரெண்டு ஆம்பள இருக்கீங்க."

அண்ணன் கிணறு வெட்டுகிறவர். தோள் மட்டும் எங்கள் வாசற்கதவு அகலம். பேச்சு வராது, கோபம் வரும். எனக்கு இருபத்திரண்டு வயது, கோபமும் வரும், பேச்சும் வரும். அரசாங்க வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது, அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அக்காவை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் பட்ட அடிக்குப் பெருமைப்பட்டேன் என்றால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அப்படித்தான் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் அடி வாங்குகிறார்கள், எங்கள் அக்கா கதையில் வருகிற மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் போய் உனக்கு என்ன வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கதை தெரிந்தவனுக்குக் கேள்வி எதற்கு? மண்டைக்கனம். வேறென்ன சொல்ல.

படுகளத்தன்று காலையில் கதாயுதம் இறங்கிப் பானை உடைந்தது. கூட்டம் கத்தியது. அந்தக் கத்தலில் எல்லாக் கண்ணும் எங்கள் இருவர் மேல் இருந்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வாடா" என்றார். அவ்வளவுதான். காப்புக் கட்டியவன் தீ மிதிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினோம். பஸ்ஸில் சீட் இருந்தும் இருவரும் நின்றுகொண்டே போனோம். கண்டக்டர் மாமாவுக்குத் தெரிந்தவர். "மச்சான் வீட்டுக்கா?" என்று அண்ணனைக் கேட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.

அன்று மாமாவுக்கு லீவு. லுங்கியோடு தரையில் உட்கார்ந்து ஓட்டலிலிருந்து வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இடது கையால் பாயை எங்கள் பக்கம் தள்ளினார்.

"வா மச்சான். உக்காருங்க. அவள கூட்டிகினு வரலியா?"

அண்ணன் இலையோடு சோற்றை எட்டி உதைத்தார். சோறு மாமாவின் முகத்தில் அடித்தது. அவர் எழுவதற்குள் அண்ணன் அவர் கழுத்தைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி மார்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூலையில் உலக்கை சாத்தியிருந்தது. அக்காவுக்குச் சீராக நாங்கள் கொடுத்தது, பூண் போட்ட கருங்காலி உலக்கை. அதை எடுத்தேன். முதல் அடி தரையில் விழுந்தது, சிமெண்ட் பெயர்ந்தது. இரண்டாவது முழங்காலில். அவர் திமிறினார், அண்ணனின் கையைக் கடித்தார், அண்ணன் அவர் வாயில் குத்தினார், பல் ஒன்று வெளியே வந்தது. மூன்றாவது அடி சரியாகத் தொடையில் விழுந்தது. காய்ந்த வேலிமுள் கட்டையை மிதித்து முறிக்கிற சத்தம். அவர் அம்மா என்று அலறினார். லுங்கி நனைந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்தது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கதைப்படி ஆகவேண்டியது ஆகிவிட்டது. நான் இன்னொரு முறை உலக்கையைத் தூக்கி அதே இடத்தில், அந்த எலும்பின் மேலேயே போட்டேன். அந்த நாலாவது அடிக்கு அம்மனும் பொறுப்பில்லை, ஊரும் பொறுப்பில்லை. அது என்னுடையது. அதைப் போட்டபோது எனக்கு நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் தன் துண்டை அந்த ரத்தத்தில் தோய்த்துச் சுருட்டிக்கொண்டார். வெளியே சந்து முழுக்க ஆட்கள். அக்காவை இழுத்தபோது பார்த்த அதே கூட்டம். ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது மணி மூன்று. சேதி எப்படித்தான் முந்திக்கொண்டு வந்ததோ, எங்கள் வீடு நிறையப் பெண்கள். பின்கட்டில் அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவள் முன்னால் துண்டை விரித்துப் போட்டார். ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"தலையக் கட்டிக்கம்மா. முடிச்சிட்டு வந்துட்டோம்."

"என்னா இது?"

"மாப்பிள தொடை ரத்தம்."

அக்கா துண்டைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து அவர் கன்னத்தில் அறைந்தாள். அண்ணனை அவள் அதுவரை கைநீட்டித் தொட்டதுகூட இல்லை. அடுத்து என்னை. இரண்டு கையாலும் மாறி மாறி. நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்தவனை முதுகில் மிதித்தாள். பெண்கள் வந்து இழுத்தார்கள்.

"எவன்டா உங்கள கேட்டான்? நான் கேட்டனா?"

"நீதானக்கா தலைய விரிச்சிப் போட்டுகினு..."

அவள் என் முன்னால் குனிந்து கூந்தலை இரண்டு பக்கமும் விலக்கிக் காட்டினாள். உச்சியில் மஞ்சள் அப்பியிருந்தது. அதற்குக் கீழே சீழ் கட்டிப் பளபளவென்று இருந்தது. அம்மாதான் மஞ்சள் வைத்துவிட்டிருக்கிறாள். வைத்த அம்மாவும் அதைச் சபதம் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

"கட்டினா உயிர் போவுதுடா. சீப்பு வெக்க முடியல. அதனால உட்டுட்டு இருக்கேன். சபதமாம். எவளுக்குடா வேணும் அவன் ரத்தம்?"

பழமும் தேங்காயும் வைத்த பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"செங்கம் ரோட்டுல ஒரு அம்மா ரூம் வாடகைக்கு உடறாங்க. வெள்ளக்காரங்கள்லாம் வந்து தங்குவாங்க. சமையலுக்கு ஆள் வேணும்னு சொன்னாங்க. தங்கவும் எடம் தரேன்னாங்க. மூணு நாள் இங்க தூங்கிட்டு திங்கக்கெழம போயிடலாம்னு இருந்தேன். அந்த ஆளு மூஞ்சியிலியே இனிமே முழிக்கறதில்லனு இருந்தேன்."

அவ்வளவு சுலபமாக ஒரு வழி இருந்திருக்கிறது. அதை அவளே தேடி வைத்திருந்தாள். எங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் அனுசரித்துப் போகச் சொல்வோம் என்று தெரியும். சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தாள்.

அவள் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று அம்மா அழுதாள். "ஆஸ்பத்திரிக்கு. போலீசு வருமில்ல. யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல" என்றாள்.

சாயங்காலம் எங்கள் இருவரில் அண்ணன் மட்டும் தீ மிதித்தார். எல்லை தாண்டியவர், கையில் காப்போடு ஒருவனின் எலும்பை உடைக்க உட்கார்ந்தவர். தீக்குழியில் நடந்து வந்தார், ஒரு கொப்புளம் இல்லை. நான் அவர் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தேன். அவர் கால் வெந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். அம்மன் எங்களைக் கண்டுகொள்ளவேயில்லை.

மறுநாள் அக்கா ஆள் அனுப்பினாள். போனோம். மாமாவின் காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நுனியில் எடைக்கல் மாட்டியிருந்தார்கள். முகம் வீங்கி வாய் கோணியிருந்தது. வாக்குமூலம் எழுத வந்த ஏட்டய்யா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். மாமா எங்களைப் பார்த்துப் பதறவில்லை, திட்டவில்லை. டிக்கெட் கொடுக்கும்போது ஊர் பேர் கேட்பாரே, அந்தக் குரலில் பேசினார்.

"பஸ் படியிலருந்து தவறி விழுந்துட்டேன்னு சொல்லிடறேன். தெருவுல எவனும் பாத்தேன்னு வரமாட்டான். ஆனா இவ வந்து என் கூட இருக்கணும். என்னப் பாத்துக்கணும். உட்டுட்டுப் போவமாட்டேன்னு இப்பவே இங்கியே சொல்லணும். இல்லனா உங்க ரெண்டு பேரு பேரையும் எழுதிக் குடுத்துடுவேன்."

அக்கா திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். முதலில் அண்ணனை, பிறகு என்னை.

அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், அண்ணி மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். அவர் தன் கையில் பல் பட்ட காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பையில் இன்டர்வியூ கார்டு இருந்தது. போலீஸ் கேஸ் இருந்தால் வேலை கிடையாது. எழுதிக் கொடுங்க மாமா, நான்தான் அடித்தேன், ஜெயிலுக்குப் போகிறேன், அக்கா வரமாட்டாள் என்று சொல்லத் தேவையான எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியும். வீட்டில் பேச்சு வருகிறவன் நான்தான். நான் அந்த எடைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது லேசாக ஆடியது. அக்கா ரொம்ப நேரம் காத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு நர்ஸ் ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிற நேரம்.

"சரி. இருக்கேன்" என்றாள் அக்கா.

இத்தனை வருஷத்தில் உலக்கையை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. அந்த நிமிஷத்தை நினைத்துத்தான் கெட்டிருக்கிறது. கதையில் தப்புச் செய்தவனுக்கு அம்பு வரும், சாபம் வரும், தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும். எனக்கு வேலை வந்தது. திருவண்ணாமலையிலேயே போஸ்டிங்.

மாமா ஆஸ்பத்திரியில் முழுசாக இருக்கவில்லை. நாட்டுக்கட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று பாதியில் எழுந்து வந்துவிட்டார். கால் நாலு விரற்கடை குட்டையாகக் கூடியது. முழங்கால் மடங்கவில்லை. பஸ் வேலை போயிற்று. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கிடந்தபடியே அடித்தார். சொம்பை எறிந்தார், அக்காவின் புருவம் கிழிந்தது. கொதிக்கிற கஞ்சியைத் தட்டிவிட்டார், அவள் முழங்கை வெந்தது. அவரைத் துடைத்துவிட அவள் குனியும்போதெல்லாம் கூந்தலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். ஒரு நாள் அக்கா கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பிடிக்க ஒன்றும் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். எங்கள் ஊரில் அதற்கும் கைகூப்பினார்கள். சபதம் நிறைவேறியதற்கு நேர்த்திக்கடனாம்.

அடுத்த திருவிழாவில் அண்ணனுக்கு முதல் மரியாதை செய்தார்கள். அவர் தோளில் துண்டு போட்டபோது வாங்கிக்கொண்டார். நான் அந்தத் திருவிழாவுக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.

செங்கம் ரோட்டு அம்மா நல்லவங்க. தங்காமல் வந்து போனாலும் பரவாயில்லை என்று அக்காவுக்குச் சமையல் வேலை கொடுத்தார்கள். காலையில் போய்விட்டு மதியம் திரும்பிவிடுவாள். அந்த வருஷங்களில் நான் நூறு முறையாவது மனசுக்குள் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காலால் ஒரு முறைகூடப் போகவில்லை. கல்யாணம் ஆயிற்று, பெண் குழந்தை பிறந்தது. பெர்மனன்ட் ஆகட்டும், குழந்தை நடக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில், அண்ணன் கொடுத்தனுப்பிய மல்லாட்டைப் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தச் சந்தில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. சதையில் விழுகிற சத்தம். எனக்குத் தெரியாதா அது. இன்னுமா அடிக்கிறான் என்று தலை சூடாகிவிட்டது. பையை வாசலில் போட்டேன். கையில் கிடைத்தால் இன்னொரு காலையும் உடைப்பது என்றுதான் கதவைத் தள்ளினேன். ஜெயிலுக்குப் போகவும் அந்த நொடியில் தயாராக இருந்தேன், சத்தியமாக.

அக்காதான் அடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரும்புக் கரண்டியின் காம்பால், மாமாவின் குட்டைக் காலில், எலும்பு கூடிய அதே இடத்தில். கோபமாக இல்லை. சப்பாத்திக்கு மாவு தட்டுகிறவளைப்போல நிதானமாக, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக. தொடை முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. புதுசும் பழசுமாகத் தழும்பு. ஒரு நாளில் வருகிற கறுப்பு இல்லை அது. மாமா வாயில் துணியைக் கடித்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டால் ஜாஸ்தி விழும் போலிருக்கிறது.

என்னைப் பார்த்தும் அவள் உடனே நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு போட்டுவிட்டுக் கரண்டியைச் சேலையில் துடைத்தாள்.

"வாடா. சாப்புட்டியா?"

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு. பிறகு எப்படியோ சொன்னேன்.

"விட்டுடுக்கா. நீ வந்துடு. நான் ஸ்டேஷனுக்குப் போய் சொல்லிடறேன். இன்னிக்கே போறேன். நீ இங்க இருக்கத் தேவையில்ல."

மாமா வாயிலிருந்த துணியை எடுத்தார். கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பாக இருந்தது கை.

"கூட்டிகினு போயிடு மச்சான். நீ ஸ்டேஷனுக்கெல்லாம் போவாத. நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன். எழுதி வேணா தரேன். இவள மட்டும் கூட்டிகினு போயிடு."

நான் ஏழு வருஷமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை அது. இலவசமாகக் கிடைத்தது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"நான் எங்க வர்றது?" என்றாள். "அன்னிக்கிப் போயிருந்தா போயிருப்பேன். நல்லபடியாவே போயிருப்பேன். அவரு கேட்டாரு, நான் இருக்கேன்னேன். நீங்க ரெண்டு பேரும் நின்னு பாத்தீங்க. இப்ப அவரு போன்னா போவணுமா? போவமாட்டேன். அவரு இருக்கற வரைக்கும் இருப்பேன்."

அவள் குரலில் கண்ணீர் இருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். இல்லை. முகம் நிம்மதியாக இருந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோனேன். அடி வாங்கியபோதும், புருவம் கிழிந்தபோதும் அவள் என் அக்காவாகவே இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவளை அப்படி ஆக்கியது நான்தான் என்பது மட்டும் தெரிந்தது.

"உக்காரு. கொழம்பு இருக்குது, சாப்புட்டுப் போ."

"ஆபீசுக்கு டைம் ஆயிடுச்சிக்கா."

மாமா என் முழங்கையை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். கடைசி விரலைப் பிரிக்கும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து வந்து மல்லாட்டைப் பையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, நான் இறங்கியதும் கதவைச் சாத்தினாள்.

சந்தின் முனைக்கு வருவதற்குள் உள்ளே மறுபடி ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். பிறகு ஆபீசுக்குப் போனேன்.